இன்டர்டிசிப்ளினரி பி.ஏ., அதுவும் குட்டிப் பல்கலைக்கழகத்தில்: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி, 13 மே 2025

மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். மார்க் 560-ஐத் தாண்டிவிட்டது, கணக்கு-உயிரியல் குரூப். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போடு என்றால் போட மாட்டேன் என்கிறாள், நீட் பக்கமே போகவில்லை. பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகம், அதில் நாலு வருஷ பி.ஏ., இன்டர்டிசிப்ளினரி ஸ்டடீஸ், சேர்ந்தால் அங்கேதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எந்தத் துறை என்று கேட்டால் எல்லாத் துறையும் என்கிறாள். எங்களுக்குக் குமாரபாளையம், விசைத்தறி. கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடலாம். கட்டி முடித்த பிறகு இவள் யார்? டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத படிப்பு வேலைக்கு ஆகாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இருந்தால் பேசுங்கள்.

13 மே, இரவு

அதே மாதிரி படிப்பை, அதே அளவு இடத்தில் படித்து வெளியே வந்தவன் நான். வேலைக்கு ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன், இப்போது கோவையில் துணி ஆலைகளுக்குத் தண்ணீர்க் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், சம்பளம் என் கூடப் படித்த மெக்கானிக்கல் பையன்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வந்த வழி நேர்வழி கிடையாது. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கேம்பஸில் வந்து வரிசையாக ஆள் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"இவள் யார்" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் நல்ல பதில் இல்லை. என் பெரியப்பா எனக்குக் "கதம்ப சாதம்" என்று பெயர் வைத்தார், கல்யாண வீடுகளில் அந்தப் பெயரில்தான் அறிமுகம். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா கேட்காமலே "வாட்டர் இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

சேர்க்கலாமா வேண்டாமா என்று இப்போதே சொல்ல முடியாது. அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியது ஒன்று, அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

14 மே

அதற்குள் ஒருவர் "இந்தப் பட்டம் டி.என்.பி.எஸ்.சி.யில் செல்லாது" என்று போட்டிருக்கிறார். அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது. பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் முதல் கேள்வி. அது சரியென்றால் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், குரூப் 1 பதவிகளுக்கும் குரூப் 2-வில் பெரும்பாலான பதவிகளுக்கும் அப்படித்தான். பத்து, ப்ளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். அது இந்தப் பெண்ணுக்கு இருக்கிறது.

சிக்கல் வருகிற இடம் வேறு. "இன்ன பாடத்தில் பட்டம்" என்று கேட்கிற வேலைகள். உங்கள் பெண்ணுக்கு நாளைக்கு டீச்சராகும் ஆசை வந்து பி.எட். போக வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் அதற்கு எந்தெந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று பட்டியல் உண்டு. பட்டத்தின் மேல் "இன்டர்டிசிப்ளினரி ஸ்டடீஸ்" என்று மட்டும் அச்சடித்திருந்தால் அந்தப் பட்டியலில் அதை எங்கே உட்கார வைப்பது? இணைத்தன்மை என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது, உயர்கல்வித் துறை அரசாணை போட்டு இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமம், இது சமம் இல்லை என்று சொல்வார்கள். பேர் கொஞ்சம் மாறினாலும் சமம் இல்லை என்று வந்த அரசாணைகள் உண்டு. பட்டம் வாங்கிய பிறகு அந்த வரிசையில் போய் நிற்பது நரக வேதனை. அதனால் பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும், மேஜர், அதாவது முக்கியப் பாடத்தின் பெயர் அதில் வருமா, மார்க் ஷீட்டில் மட்டும் வருமா என்பதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

14 மே, கொஞ்ச நேரம் கழித்து

"புதிய கல்விக் கொள்கைப்படி இனிமேல் எல்லாப் படிப்பும் இப்படித்தானே" என்று கேட்டவருக்கு. 2020 கொள்கை பல்துறைப் படிப்பைப் பெரிதாகப் பேசுகிறது, நிஜம். ஆனால் 2022 டிசம்பரில் யு.ஜி.சி. போட்ட பாடத்திட்டக் கட்டமைப்பை எடுத்துப் பாருங்கள். படிக்கிற பாடத்தின் அளவை கிரெடிட் என்று எண்ணுவார்கள், நாலு வருஷத்துக்கு 160 கிரெடிட், மூன்று வருஷத்தோடு இறங்கினால் 120. அதில் பல்துறைப் பாடங்கள் என்று தனியாக ஒதுக்கியது 9 கிரெடிட்தான், மூன்று பாடம். மைனர் என்கிற துணைப் பாடத்துக்கு இன்னொரு பங்கு உண்டு. மீதியில் பெரும்பகுதி பழையபடி ஒரே மேஜர். பி.காம். பையன் வானியலில் ஒரு பாடம் படிப்பதும், பட்டம் முழுக்கவே துறைகளைத் தாண்டி நிற்பதும் ஒன்றல்ல. தவிர, தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, இங்கே அரசுக் கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்சி. மூன்று வருஷம்தான்.

டெல்லி பல்கலைக்கழகம் 2013-இல் நாலு வருஷப் படிப்பைக் கொண்டுவந்து அடுத்த வருஷமே எடுத்துவிட்டது, நடுவில் சேர்ந்த பேட்ச் பிள்ளைகள் முழித்துக்கொண்டு நின்றார்கள். கொள்கையை நம்பி யாரும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள், படிப்பை நம்பிச் சேர்த்துவிடுங்கள்.

16 மே

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், நல்லதும் கெட்டதும் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பேட்ச் மொத்தமும் ஒரே பஸ்ஸில் ஏறிவிடும்.

முதல் வருஷம் சொர்க்கம். காலையில் புள்ளியியல், அதற்கடுத்து பக்தி இலக்கியம், மத்தியானம் நிலவரைபடம் போடுகிற லேப். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் வந்து உட்காருவார், எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஓரமெல்லாம் கிறுக்கித் திருப்பித் தருவார். ஊரில் அரசுப் பள்ளியில் 60 பேருக்கு நடுவில் படித்தவனுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருஷம்தான் கிறுகிறுப்பு. எல்லாப் பாடத்திலும் 101 என்கிற அரிச்சுவடி முடித்திருப்போம், ஒன்றிலும் 301 என்கிற ஆழமான பாடம் இல்லை. பொருளாதாரம் மட்டும் படிக்கிற பையன் சமன்பாட்டைப் பலகையில் போட ஆரம்பித்தால் நமக்கு முதல் இரண்டு வரி புரியும். கெமிஸ்ட்ரி பெண் டைட்ரேஷன் பேசினால் அதுவும் இரண்டு வரி. எல்லார் பேச்சிலும் இரண்டு வரி புரிகிற ஆளாக ஒரு வருஷம் திரிந்தேன். எங்கள் பேட்ச்சில் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள், கடைசி வரை அந்த இரண்டு வரிதான். பேச்சு அருமையாக இருக்கும், ஒரு எக்செல் ஷீட்டைக் கொடுத்தால் கை நடுங்கும்.

17 மே

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் வேண்டாம் என்கிறீர்கள்" என்று ஒருவர். நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் வருஷத்தில் எதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தது என்கிறேன். அதற்கு இன்னும் வரவில்லை, பொறுங்கள்.

அப்புறம் வேலைத் தளங்களில் விண்ணப்பம் போடும்போது "படிப்பு" என்ற கட்டத்தைத் தட்டினால் ஒரு நீளப் பட்டியல் விழும், அக்ரியிலிருந்து விலங்கியல் வரை. நம்முடையது இருக்காது. கடைசியில் "மற்றவை". என் வாழ்க்கையில் எவ்வளவோ படிவங்களில் நான் "மற்றவை".

20 மே

"சிங்கப்பூரில் யேல்-என்.யு.எஸ். காலேஜையே மூடிவிட்டார்கள், இந்த மாதிரிப் படிப்புக்கு எதிர்காலம் இல்லை" என்று ஒரு நண்பர். மூடியது உண்மை. அமெரிக்காவின் யேலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்.யு.எஸ்.ஸும் சேர்ந்து 2011-இல் ஆரம்பித்து, 2013-இல் முதல் பேட்ச் சேர்ந்து, 2021 ஆகஸ்டில் திடீரென்று அறிவித்தார்கள், இந்த 2025 பேட்ச்சோடு கதை முடிந்தது. ஆனால் அதற்குப் பதிலாக என்.யு.எஸ். காலேஜ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், அதுவும் பல்துறைப் பாடத்திட்டம்தான். நன்கொடை எதிர்பார்த்த அளவு சேரவில்லை என்று அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். சின்ன வகுப்பு, நிறைய வாத்தியார் என்றால் செலவு பிய்த்துக்கொண்டு போகும்.

கனடாவில் குவெஸ்ட் என்று ஒன்று இருந்தது, ஸ்குவாமிஷ் என்ற ஊரில், 2007-இல் திறந்தது. எல்லாருக்கும் ஒரே பட்டம், பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ். ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம் அதையே மூழ்கிப் படித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது. மேஜர் கிடையாது, ஒவ்வொரு மாணவரும் ஒரு "கேள்வி"யை எழுதி அதைச் சுற்றிப் பாடங்களை அமைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தப் படிப்பை இதைவிட நன்றாக யோசித்தவர்கள் குறைவு. கடனில் மாட்டி, நிலத்தை விற்று, 2023 ஏப்ரலோடு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். வளாகம் இப்போது கேப்பிலனோ பல்கலைக்கழகத்திடம்.

இந்த இரண்டிலும் பாடத்திட்டம் தோற்கவில்லை, காசு பற்றவில்லை. பெற்றோருக்கு அதில் பெரிய ஆறுதல் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து காலேஜ் ஆஃப் தி அட்லான்டிக். 1969-இல் தொடங்கியது, சுமார் 350 மாணவர், துறைகளே கிடையாது, அத்தனை பேருக்கும் ஹியூமன் எக்காலஜி என்ற ஒரே பட்டம். ஐம்பது வருஷம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே சின்னது என்றாலே மூடிவிடும் என்று இல்லை. நீங்கள் பார்க்கிற இடத்துக்குப் பின்னால் யார் பணம், எத்தனை வருஷத்துக்கு என்று விசாரியுங்கள். வெட்கப்படாமல் கேட்கலாம்.

20 மே, இரவு

சின்ன இடத்தின் உண்மையான ஆபத்து மூடுவது இல்லை, வாத்தியார் போவது. என் இரண்டாம் வருஷக் கடைசியில் நிலத்தடி நீர் சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பெரிய பல்கலைக்கழகம் என்றால் அவர் இடத்தில் இன்னொருவர் அதே பாடத்தை எடுப்பார். எங்கள் இடத்தில் அந்தத் துறையே அவர்தான். அடுத்த செமஸ்டர் பாடப் பட்டியலில் நீரியல் என்ற சொல்லே இல்லை, கையேட்டில் மட்டும் பழைய பெயரோடு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கையேட்டைப் பார்த்துச் சேர்ந்த ஜூனியர்கள் வந்து "எங்கே அந்தப் பாடம்" என்று கேட்டபோது அலுவலகத்தில் "இந்த வருஷம் ஆஃபர் பண்ணவில்லை" என்றார்கள். அடுத்த வருஷமும் அதே பதில்.

அதனால் குமாரபாளையத்து சாருக்குச் சொல்கிறேன். கையேட்டில் எத்தனை பாடம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். போன இரண்டு வருஷம் உண்மையில் எந்தெந்தப் பாடம் நடந்தது, யார் நடத்தினார், அவர் நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேளுங்கள். மூன்றாம் வருஷ மாணவர் ஒருவரைப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும். நிர்வாகத்தார் ஏற்பாடு செய்து தருகிற மாணவரிடம் கேட்காதீர்கள், கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேளுங்கள்.

23 மே

இரண்டாம் வருஷத்தில் எதைப் பிடித்து ஏறினேன் என்று சொல்வதாகச் சொன்னேன்.

என் ஊர் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில். ஒரத்துப்பாளையம் அணை கூப்பிடு தூரம். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய அணை, கட்டி முடித்தது 1992-இல். அதே நேரத்தில் மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஓகோ என்று வளர, சாயப்பட்டறைக் கழிவு முழுக்க இறங்கி அணையில் தேங்கியது. பாசனத்துக்குத் திறக்க வேண்டிய தண்ணீரைத் திறக்கவே கூடாது என்று விவசாயிகளே வழக்குப் போட்ட அணை அது. நொய்யல் என் சின்ன வயதில் எந்த நிறத்தில் போனது என்று கேட்டால் அன்றன்றைக்குத் திருப்பூரில் எந்த ஆர்டரோ அந்த நிறம் என்பார் அப்பா.

நீர் வாத்தியார் போன பிறகு என்னைப் பொருளாதார மேடம் கூப்பிட்டு, "எத்தனை பாடம் எடுத்தாய் என்று கேட்கவில்லை, உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொண்டு வா" என்றார். இரண்டு வாரம் ஏதேதோ எழுதித் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் எழுதியது இதுதான்: பட்டறைகள் சுத்திகரிப்புக்கு மாறிய பிறகும் எங்கள் கிணறு ஏன் இன்னும் உப்பாக இருக்கிறது, அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

அந்த ஒரு வரிதான் மீதி இரண்டு வருஷப் பாடத்தையும் தேர்ந்தெடுத்தது. ஏன் உப்பு என்றால் கெமிஸ்ட்ரிக்குப் போக வேண்டும். பருத்தி நூல் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டது, ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலில் ஏற்றத்தான் சோடியம் சல்பேட்டோ சாதா உப்போ அள்ளிக் கொட்டுகிறார்கள். சாயம் நூலில் ஏறும், உப்பு ஏறாது, அத்தனையும் கழிவோடு வெளியே. ஏன் மாறினார்கள் என்றால் சட்டம். 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டுக் கழிவு வெளியே விடக் கூடாது என்ற முறைக்கு வந்த பிறகுதான் திரும்பத் திறக்கலாம் என்ற நிலை. அந்த முறையில் ஆர்.ஓ. போட்டு, மீதியை ஆவியாக்கி, கடைசியில் நிற்பது கலப்பு உப்பு, மூட்டை மூட்டையாக. அதை என்ன செய்வது என்பது பொருளாதாரம். நஷ்ட ஈடு நிலம் வைத்திருந்தவருக்கு வந்தது, அதே நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு என்ன வந்தது என்பது சமூகவியல்.

ஒரு விஷயம் கிட்டத்தில் நின்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்து, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 3,400 என்று காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. தோட்டக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "மிசின் எதுக்கு, தென்னையத் தவிர ஒண்ணும் வல்ல, அதுலயே தெரியலையா" என்றார். நான் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு பெருமையாக வந்து வகுப்பில் படம் போட்டுக் காட்டினேன். கெமிஸ்ட்ரி சார் கையைத் தூக்கி ஒரே கேள்வி: "மீட்டர் உப்பை அளக்காது, மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டும். உன் மீட்டர் எந்த எண்ணால் பெருக்குகிறது? சல்பேட் தண்ணீருக்கும் குளோரைடு தண்ணீருக்கும் அதே எண்ணா?" அப்புறம் லேபில் போய்ச் சாம்பிளை வடிகட்டி, ஆவியாக்கி, 180 டிகிரியில் உலர்த்தி, மிஞ்சியதை எடை போட்டு, மீட்டர் எண்ணோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசியதால்தான் எனக்கு இப்போதைய வேலை கிடைத்தது, இன்டர்வியூவில் பட்டத்தின் பெயரை யாரும் கேட்கவே இல்லை, அரை மணி நேரமும் அந்தப் பெருக்கல் எண்தான்.

24 மே

"கடைசியில் கெமிஸ்ட்ரிதானே காப்பாற்றியது, பேசாமல் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியே படித்திருக்கலாம்" என்று ஒருவர் குத்தியிருக்கிறார். நல்ல குத்து, ராத்திரி முழுக்க யோசித்தேன். பாதி சரி. ஒரு துறையிலாவது கை அழுக்காகும் வரை இறங்க வேண்டும், அது இல்லாத பல்துறைப் பட்டம் வெறும் பேச்சு. இதைப் பல்கலைக்கழகம் கட்டாயப்படுத்தாது, மாணவர்தான் பிடிவாதமாகச் செய்துகொள்ள வேண்டும். பாதி தவறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த என் நண்பன் என்னைவிட நன்றாக டைட்ரேஷன் செய்வான், ஆனால் அந்தக் கிணற்றுக்கு அவன் போயிருக்கவே மாட்டான், அவனுக்குச் சாம்பிள் பாட்டிலில் வரும். பட்டறை முதலாளி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசர், விவசாயி, மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வதுதான் என் பிழைப்பில் முக்கால்வாசி.

27 மே

வெளிநாட்டு மேற்படிப்பு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஜெர்மனிக்கு ஒரு நீரியல் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்தார்கள். அங்கே பட்டத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, கணக்கில் இத்தனை கிரெடிட், இயற்பியலில் இத்தனை என்று எண்ணுவார்கள், குறைந்தால் கதவு சாத்தியாயிற்று. நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழ் வேறு 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். எண்ணி எடுக்க வேண்டும் என்று முதல் வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்த மாதிரிப் பட்டங்கள் அங்கேயே நிறைய இருப்பதால் கொஞ்சம் நெகிழ்வு.

இந்தியாவில் இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. நாலு வருஷப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தால் நேராக பி.எச்டி.க்குத் தகுதி, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் எழுதலாம், 2024-இல் யு.ஜி.சி. சொன்னபடி பட்டத்தில் எந்தத் துறையாக இருந்தாலும் விரும்பிய பாடத்தில் எழுதலாம். கதம்பக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், என் காலத்தில் இல்லை. 75-ஐத் தொட வேண்டும், அதுதான்.

29 மே

வேறு எங்கே பார்க்கலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் க்ரேயா பல்கலைக்கழகம் இருக்கிறது, சென்னையிலிருந்து கிட்ட, 2019-இல் முதல் பேட்ச். பெங்களூரில் அசீம் பிரேம்ஜி, அங்கே 2015-லிருந்து இளநிலை, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை உண்டு, கடன் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள். அறிவியல் பக்கமே மனசு என்றால் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான திருப்பதி ஐசர், ஆரம்பத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு எல்லாம் எல்லாருக்கும் பொது. எதையும் சிபாரிசு செய்யவில்லை, நான் இவற்றில் படிக்கவில்லை.

ஒரு பெரியவர் காந்திகிராமத்தை நினைவுபடுத்தினார், சரியான நேரத்தில். காந்தியவாதிகளான சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் மாவட்டம் சின்னாளப்பட்டிப் பக்கத்தில் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பிள்ளைகளைக் கிராமத்தில் தங்க வைத்து அங்கே இருக்கிற பிரச்சினையிலிருந்து பாடத்துக்கு வரச் செய்கிற வழக்கம் அங்கே ரொம்ப நாளாக உண்டு. இப்போது லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பளபளப்புத் தாளில் புதுசு என்று அச்சடிக்கிறார்கள். எனக்கு அந்தப் பளபளப்புத் தாளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, அதை நம்பிச் சேர்ந்தவன் என்பதால்கூட இருக்கலாம்.

2 ஜூன்

குமாரபாளையத்து சார் திரும்ப வந்திருக்கிறார். மகளிடம் "உனக்கு என்ன தெரிய வேண்டும், ஒரு வரியில் சொல்லு" என்று கேட்டாராம். அவள், "நம்ம தறிக்கூடத்தில் வேலை செய்கிறவங்களுக்கெல்லாம் நாற்பது வயசிலேயே காது மந்தமாயிடுது, ஏன் யாரும் அதை வியாதின்னே சொல்றதில்லை" என்றாளாம். சாருக்கே ஒரு காது கேட்காதாம், அதை இங்கேதான் முதல்முறை எழுதுகிறார்.

சார், இந்தப் பெண்ணைச் சேர்த்துவிடுங்கள். நான் ஒரு வரிக்கு இரண்டு வாரம் திணறினேன், இவளிடம் ப்ளஸ் டூ-விலேயே இருக்கிறது. இது எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்காத கேள்வி. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று நம் நாட்டில் வரம்பு இருக்கிறது, தறிக்கூடத்தில் அதை அளக்க இயற்பியல் வேண்டும். காதுக்குள் என்ன சாகிறது என்பதற்கு உயிரியல். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 2025 வரை இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது, ஆனால் அந்தச் சட்டம் மின்சாரத்தில் ஓடுகிற இடம் என்றால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது, எட்டுத் தறி ஓடுகிற கூடத்தில் எத்தனை பேர்? அது சட்டம். முதலாளியே தானும் தறி ஓட்டி, தானும் செவிடாகிற ஊரில் யார் யார் மேல் புகார் கொடுப்பது, அது உங்களுக்கே தெரியும்.

ஒரு நிபந்தனை. உயிரியலோ புள்ளியியலோ ஒன்றை மேஜர் அளவுக்கு எடுக்கச் சொல்லுங்கள், காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற ஆடியோகிராம் வரைபடத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு. மீதியெல்லாம் அதைச் சுற்றி.

2 ஜூன், இரவு

"கேள்வி மாறிவிட்டால்?" என்று கேட்கிறார்கள். மாறும். என் கூடப் படித்த பெண் கோயில் குளங்களில் ஆரம்பித்து நகரத்துப் பத்திரப்பதிவுக் கணக்கில் போய் முடித்தாள், இப்போது வங்கியில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். மாறினால் பரவாயில்லை, ஒன்றுமே இல்லாமல் கையேட்டில் விரலை வைத்துப் பாடம் பொறுக்குவதுதான் ஆபத்து.

9 ஜூன்

கடன் பற்றித் தனிச் செய்தியில் கேட்ட சாருக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். வங்கி மேனேஜர் படிப்பின் பெயரைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார், என் அப்பாவிடம் "இது என்ன கோர்ஸ்" என்று மூன்று தடவை கேட்டார். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரக் கடிதம், நாலு வருஷக் கட்டண விவரம், போன வருஷப் பட்டதாரிகள் எங்கே போனார்கள் என்ற பட்டியல், மூன்றையும் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொண்டு போங்கள். பட்டியலைக் கொடுக்கத் தயங்குகிற இடம் என்றால் எனக்கு அது போதும், வேறு இடம் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு சில்லறை விஷயம், ஆனால் இதில்தான் நான் அதிகம் அலைந்தேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் எடுத்த பாடங்களின் சிலபஸைப் பதிவாளர் கையெழுத்து, முத்திரையோடு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சின்ன இடங்களில் வாத்தியார் போனால் சிலபஸும் அவரோடு போய்விடும், இணையதளத்தை மாற்றினால் பழையது காணாமல் போகும். மேற்படிப்புக்கோ இணைத்தன்மைக்கோ கேட்கும்போது பட்டத்தின் பெயரை வைத்து ஒருவருக்கும் ஒன்றும் புரியாது, அந்தக் காகிதங்களைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். ஹாஸ்டல் அறையில் கரையான் உண்டு, ஒரு செட்டை வீட்டு பீரோவில் வையுங்கள்.